அக்கா மெலிந்த வருடம்

மன்னாரில் ஒரு மனுசியைக் கருவாட்டுத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு முறை அல்ல, பதினொரு மாதத்துக்குள் ஏழு முறை. வெள்ளைக்காரன் கட்டிய ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றுதான் இருந்தது. பெரியவர்களை நிறுக்கும் தேவை எவருக்கும் வந்ததில்லை. எங்களிடம் வருகிற காய்ச்சலும் வயிற்றோட்டமும் ஆட்களைத் தாமாகவே உருக்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கடைத்தெரு அடைத்துக் கிடக்கும் நேரம் பார்த்து, பின் வாசலால் அக்காவைக் கருவாட்டுக் கிட்டங்கிக்குள் கூட்டிப் போவேன். காவல்காரன் என்னிடம் காதுக்கு மருந்து வாங்குகிறவன். கண்டும் காணாமல் இருந்துவிடுவான்.

சங்கிலியில் தொங்கும் பலகையில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். முதல் நாள் மற்றத் தட்டில் நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல் அந்தர்க் கல் இரண்டை வைத்தும் பலகை எழும்பவில்லை. ஐந்து இறாத்தல் படிக்கல் ஒன்றையும் சேர்த்து வைத்த பிறகுதான் அசைந்தது.

"எவ்வளவு தம்பி?"

"ரெண்டு அந்தர் அஞ்சு இறாத்தல், அக்கா."

"ரெண்டு சிப்பம் கருவாடு," என்றார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "எவ்வளவுக்கு இறங்கினா நான் சாகமாட்டன்?" என்று கேட்டார்.

ஒன்றரை அந்தர் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பலகையை விட்டு இறங்கினார். செபம் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் தெரிந்தது, "ஒண்டரை, ஒண்டரை" என்று சொல்லிக்கொண்டு வருகிறார் என்று.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்களையும் நான் கண்டதில்லை. கோயிலடியில் இருந்த அவருடைய வீட்டில் நாங்கள் நாலு பேர் காசு கொடுத்துச் சாப்பிட்டோம். மூன்று பேர் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார். நான் நானாட்டான் கிராமத்து ஆள், கமக்காரக் குடும்பம், ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் உத்தியோகம். வயது இருபத்தைந்து. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் மட்டும் விறாந்தை அறையில் தங்கியும் இருந்தேன். எல்லோருக்கும் அவர் அக்கா.

அக்கா பெருந்தீனிக்காரி அல்ல. இதை அடித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் அப்படித்தான் கதைத்தார்கள். நாங்கள் சாப்பிட்டு எழும்பும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அதற்குப் பிறகு குசினியில் நின்றபடியே ஒவ்வொரு சட்டியாக எடுத்து, மிஞ்சிய சோற்றை அதற்குள் போட்டுப் பிரட்டி வழித்துச் சாப்பிடுவார். பாரைமீன் குழம்புச் சட்டி, கத்தரிக்காய்ச் சட்டி, சொதிச் சட்டி. எறிய மனம் வராது. நாலு ஆம்பிளைகளின் மிச்சம் முழுவதும் பதினைந்து வருடமாக அந்த உடம்பில்தான் போய்ச் சேர்ந்தது. நாங்கள் யாராவது ஒரு நாள் குறையச் சாப்பிட்டால் அன்றைக்கு அக்கா கூடுதலாகச் சாப்பிட்டார் என்று அர்த்தம்.

அவருக்கு ஒரு மகள். பத்தொன்பது வயது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் கண்ணையும் காதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. பேச்சு வரவே இல்லை. தகப்பன் தலைமன்னார்க் கப்பலில் வேலைசெய்து, அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது செத்துப்போனவர். அந்தப் பெண்ணுக்கு உலகம் என்றால் கையால் தொடுவதும் மூக்கால் முகர்வதும்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா பாயில் சரிவார். அவள் தடவிக்கொண்டு வந்து, தாயின் இடது புயத்துச் சதையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, அதில் கன்னத்தை வைத்து அமுக்கிக்கொண்டு நித்திரையாவாள். சதையில் அவளுடைய பல்லுத் தடமும் இருக்கும். அக்கா அசையமாட்டார். ஈ மொய்த்தாலும் அசையமாட்டார்.

"எனக்குப் பிறகு இவளை ஆர் பாக்கிறது?"

இதுதான் அக்கா. அவரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கவேண்டும். மீன்காரியிடம் கேட்பார். சுவாமியாரிடம் கேட்பார். புதிதாக மாற்றலாகி வந்த கிளாக்கர் ஒருவர், யாழ்ப்பாணத்துப் பொடியன், முதல் நாள் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது அவரிடமும் கேட்டார். அந்த மனிதர் சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தது இன்றைக்கும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. பதிலுக்காக அவர் கேட்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன். அது பிழை. ஒவ்வொரு முறையும் பதிலுக்காகத்தான் கேட்டார்.

கேட்கவேண்டிய ஒரே ஆளிடமும் கேட்டுப் பார்த்தார். வேலிக்கு அங்கால் புருசனின் தங்கச்சி வீடு. அக்காவுக்கு அவர் மச்சாள் என்றபடியால் நாங்களும் அவரை மச்சாள் என்றுதான் சொல்வோம். பிள்ளை குட்டி இல்லை. புருசன் கடலோடு கிடப்பார். நல்ல கொழுத்த மனுசி, வெற்றிலையும் சிரிப்புமாக இருப்பார், ஆனால் இந்தப் பெண்ணின் கை தன்மீது பட்டால் மட்டும் ஒதுங்கிவிடுவார்.

"அந்தக் கதையை என்னட்டைக் கதையாதையுங்கோ மச்சாள்," என்றார். "உங்களுக்காக என்னவும் செய்வன். இது ஏலாது. அவள் தடவிக்கொண்டு வர எனக்கு நெஞ்சு நடுங்கும். நான் பொய் சொல்லேல்லை."

அக்கா கோபிக்கவில்லை. "ஓம், உண்மையைச் சொன்னியள்," என்று சொல்லிவிட்டு வந்து குசினியில் உட்கார்ந்து அழுதார். நான் தேத்தண்ணிக்குப் போனவன் திரும்பி வந்துவிட்டேன்.

டொக்டரிடம் அவரைக் கூட்டிப்போனது ஒரு ஆவணி மாதம். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்து, மாட்டு வண்டியால் இறங்கும்போது மயங்கி விழுந்துவிட்டார். காலிரண்டும் வீங்கியிருந்தது. நாலு அடி நடந்தால் மூச்சு விசில் அடித்தது. எங்கள் டொக்டர் காலிப் பக்கத்துப் பறங்கி மனிதர். தமிழில் அவருக்குத் தெரிந்தது "நாக்கு நீட்டு", "எத்தனை நாள்" இரண்டும்தான். மிச்சத்தை நான்தான் மொழிபெயர்ப்பேன். அவர் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயத்தைச் சுற்றிக் கொழுப்புக் கட்டியிருக்கிறது, இந்த உடம்போடு இரண்டு வருடம், அதற்கு மேல் தாங்காது என்றார். இறங்கினால் ஆயுசு உண்டு. மருந்து கிடையாது. சாப்பாடும் நடையும்தான் மருந்து.

நான் ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். இளம் வயது, உண்மையைச் சொல்வது பெரிய காரியம் என்று நினைக்கும் வயது. அக்கா தன் நெஞ்சைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மகளின் கையைத்தான் பிடித்தார்.

டொக்டர் ஒரு கடதாசியில் எழுதித் தந்த சாப்பாடுகளைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. சுட்ட பாண், சூப்பு, அப்பிள், ஆடை எடுத்த பால். மன்னாரில் அப்பிளுக்கு எங்கே போவது? இரண்டு பேருமாகக் குசினி வாங்குப் பலகையில் இருந்து அதைத் திருத்தினோம். சோறு மத்தியானம் ஒரு சிறங்கை. காலையில் குரக்கன் கூழ். தேங்காய்ப்பால் இல்லாத சொதி, புளிவிட்டு அவித்த மீன், முருங்கை இலை எவ்வளவும். சீனி இல்லை, பனங்கட்டியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மாற்றம்: எங்களுக்கு முந்தியே அவர் சாப்பிட்டுவிட வேண்டும், சட்டி வழிக்கக் கூடாது.

கூழும் கீரையும் அவருக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எங்களுக்கு முன்னம் சாப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் தட்டை வைத்துக்கொண்டு, "கள்ளச் சாப்பாடு சாப்பிடுற மாதிரி இருக்கு தம்பி," என்றார். மிச்சச் சோற்றைப் படலையடியில் கழுதைகளுக்குக் கொட்டச் சொன்னேன். மன்னார்க் கழுதைகளுக்கு அதுவரை அப்படி ஒரு காலம் வந்ததில்லை. நேரம் தவறாமல் வந்து படலையை முட்டும். கொட்டும்போது அக்கா மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எங்களுக்கு அவர் சமைத்தது பழையபடிதான், கட்டிப்பாலும் பொரியலும். ருசி பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். "உப்புப் பாருங்கோ தம்பி," என்று அகப்பையை என்னிடம் நீட்டுவார். மூன்று மாதத்தில் என் காற்சட்டை இடுப்பில் ஏறவில்லை. அவரிடமிருந்து இறங்கியதில் ஒரு பங்கு என்னில் ஏறியது என்று கிளாக்கர்மார் பகிடி பண்ணினார்கள். தண்ணீர் அள்ளித் தந்த பெண்ணை நிறுத்திவிட்டுத் தானே கிணற்றுக்குப் போனார். மாவும் தானே இடித்தார்.

நடைதான் பெரிய சிக்கல். காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் நடக்கவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. மன்னாரில் ஒரு மனுசி வேலை இல்லாமல் தெருவில் நடப்பது என்றால் என்ன கதை வரும் என்று அந்த மனிதருக்குத் தெரியுமா? அதற்கு அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். வெறும் பனையோலைக் கடகம் ஒன்றைத் துணியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பார். எங்கேயோ சாமான் கொண்டுபோகிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கடலைக் கடந்து பெருநிலத்துக்குப் போகும் தாம்போதி வரை போய், கடற்காற்றில் மூச்சு வாங்கி நின்று, அதே வெறுங் கடகத்தோடு திரும்பி வருவார். வண்டிக்காரர்கள் நிறுத்தி, "ஏறுங்கோ அக்கா, அந்தரப்பட்டு நடக்கிறியள்," என்பார்கள். "இல்லை, கிட்டத்தான்," என்பார். பாப்பாமோட்டை வண்டிக்காரர் ஒருவர், தன்னுடைய வண்டியில் ஏறப் பிடிக்கவில்லையாக்கும் என்று கோபித்துக்கொண்டு பிறகு முகம் கொடுத்தே கதைக்கவில்லை.

மகளைக் கூட்டிப்போய்ப் பார்த்தார். தெரியாத மண்ணில் கால் வைக்க அவள் பயந்து குந்திவிட்டாள். ஆகவே மச்சாளைக் கெஞ்சினார். "தொடவேண்டாம். விறாந்தையிலை கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருங்கோ. அவள் விழாமல் பாத்தாக் காணும்." மச்சாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓம் என்றார். காலை ஒரு மணித்தியாலமும் பின்னேரம் ஒரு மணித்தியாலமும் அவள் மச்சாளோடு இருப்பது அப்படித்தான் தொடங்கியது.

தைப்பொங்கல் மட்டில் இரண்டு அந்தருக்கு இருபது இறாத்தல் கீழே வந்துவிட்டார். பலகை எழும்பியபோது என் கையைப் பிடித்து முத்தமிட்டார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வெறி பிடித்தது. ஒரு மணித்தியால நடை ஒன்றரை ஆனது, இரண்டானது. ஒரு சிறங்கைச் சோறு அரைச் சிறங்கை ஆனது. நான் தடுத்தேன். "நீங்கள் சும்மா இருங்கோ. ரெண்டு வருசத்திலை ஏழு மாசம் போட்டுது," என்றார்.

தபசு காலம் வந்தது. எல்லோரும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கும் நாட்கள். அக்கா குறையச் சாப்பிடுவது எவருடைய கண்ணிலும் படவில்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்தும் அவர் ஒருசந்தியை விடவில்லை. அப்போதுதான் ஊர் விழித்தது. பெரிய நேர்த்தி வைத்திருக்கிறார் என்றார்கள் பாதிப் பேர். சயரோகம் என்றார்கள் மற்றப் பாதி. இரண்டு கிளாக்கர்மார் சாப்பாட்டை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். மருந்து கலக்கிறவன் நான் சொல்லியும் நம்பவில்லை. மெலிவதற்காக ஒருவர் மெலிவார் என்பது அந்த ஊரில் எவருக்கும் விளங்குகிற சங்கதி அல்ல.

மகள் குழம்பத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். மத்தியானம் பாயில் தாயின் பக்கத்தில் படுத்து, புயத்தைத் தடவுவாள். பிடிப்பாள், விடுவாள். மேலே தோள்வரை தடவிப் பார்ப்பாள், மற்றக் கையைத் தடவிப் பார்ப்பாள். தோல்தான் தொங்கியது, உள்ளே ஒன்றும் இல்லை. எழும்பி இருந்து, தொண்டைக்குள் ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தம் எனக்கு விறாந்தை அறையில் கேட்கும். சாப்பாட்டையும் பாதியில் துப்பினாள்.

அக்காவுக்கு இது விளங்கவில்லை. எப்படி விளங்கும்? அவளுக்காகத்தானே அந்தச் சதையை ஒவ்வொரு இறாத்தலாக இறக்கிக்கொண்டிருந்தார். கண்ணூறு என்றார். மடு மாதாவின் மண்ணைக் கரைத்துக் கொடுத்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: தன் தபசு காணாது, மாதா அதைத்தான் பிள்ளைமூலம் காட்டுகிறார். ஆடித் திருவிழாவுக்கு மடுவுக்கு நடந்தே வருகிறேன், போய்வரும்வரை ஒருசந்தி என்று நேர்த்தி வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது வேறொன்றும் தெரிந்திருந்தது. இதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்தேன். தபசு காலத்தில் ஒரு நாள் காலை நான் வேலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தபோது, விறாந்தையில் மச்சாள் கதிரையில் இருந்தார். அந்தப் பெண் கீழே இருந்து மச்சாளின் கொழுத்த புயத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, கன்னத்தை வைத்து நித்திரையாகிவிட்டாள். மச்சாள் அசையாமல் இருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவளா வந்தவள் தம்பி," என்றார் மெல்லிய குரலில். "நான் தொடேல்லை. இப்ப எடுத்தா முழிச்சிடுவாள்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோசமாகத்தான் இருந்தது. எல்லோரிடமும் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றரை அந்தருக்கு வரட்டும், அந்த நாளில் சொல்வோம் என்று வைத்திருந்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் நடையைப் பாதியாக்கியிருப்பார், மகளின் அருகில் இருந்திருப்பார். நான் சொல்லவில்லை. நல்ல செய்தி என்று நினைத்து வைத்திருந்தேன்.

மடுவுக்குப் போகும்போது ஊரே வண்டியில் போனது. அக்கா வண்டிகளுக்குப் பின்னால் காட்டுப் பாதையில் நடந்தார். போகும்போது மூன்று நாள், நவநாளும் திருநாளும் பத்து நாள், வரும்போது மூன்று நாள். மகளை மச்சாள் வீட்டில் விட்டிருந்தார். அவ்வளவு நாள் அவர்கள் பிரிந்திருந்ததே இல்லை.

திரும்பி வந்த பின்னேரம் நான் படலையடியில் நின்றேன். கச்சான் காற்றுப் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. தெருவால் வந்த மனுசியை எனக்கே சட்டென்று தெரியவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் வழிந்து, கழுத்து எலும்பு தெரிய ஒருவர் வந்தார். ஆனால் மூச்சு விசில் அடிக்கவில்லை. கால் வீக்கம் இல்லை. இளம் பெட்டைபோல் வேகமாக நடந்து வந்தார்.

"பிள்ளை எங்கை?" என்றார். கடகத்தைக்கூடக் கீழே வைக்காமல் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து மச்சாள் வீட்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

மச்சாள் முற்றத்தில் பாய் விரித்து அவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். அக்கா குந்தி, மகளின் இரண்டு கையையும் எடுத்துத் தன் புயத்தில் வைத்தார். அவள் தடவினாள். தோள், கழுத்து, முகம் எல்லாம் தடவினாள். மோந்து பார்த்தாள். பதினாறு நாள் காட்டுப் புழுதியும் வேர்வையும், குசினி மணம் ஒன்றும் இல்லை. கையை எடுத்துத் தன் பாவாடையில் துடைத்தாள். பிறகு மற்றப் பக்கம் திரும்பி மச்சாளின் புயத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தாள், அடுத்த கவளத்துக்கு.

மச்சாளின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. "மச்சாள், நான் கேக்கேல்லை," என்றார். "ஆண்டவராணை நான் கேக்கேல்லை."

"குடுங்கோ," என்றார் அக்கா. "வாயைத் திறந்துகொண்டு இருக்கிறாள், குடுங்கோ."

அதற்குப் பிறகு வந்த கிழமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரித்துச் சொல்ல என்னால் ஏலாது. அக்கா குளித்து, முந்திப் பூசும் அதே எண்ணெயைத் தேய்த்து, கருவேப்பிலையும் மீனும் மணக்க மணக்கப் போய்ப் பார்த்தார். ஒரு நாள் இடது கையில் பழஞ்சீலையைச் சுற்றிக் கட்டி, மேலே நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அவள் ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அக்கா வீட்டுக்கு வந்து அந்தச் சீலையை அவிழ்த்து நாலாக மடித்து வைத்தார். சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். மாதக்கணக்காகச் சுருங்கிப்போன வயிறு ஏற்கவில்லை, கிணற்றடியில் போய்ச் சத்தி எடுத்தார். முதுகைத் தடவிக்கொண்டு நான் நின்றேன். "எத்தினை இறாத்தல் ஏத்தினா அவளுக்கு என்னைத் தெரியும்?" என்று கேட்டார். அவளைப் பலவந்தமாகத் தூக்கி வந்து தன் வீட்டில் வைத்துப் பார்த்தார். இரண்டு நாள் ஒன்றும் வாயில் வைக்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் அக்காவே அவளைக் கையில் பிடித்து, வேலிப் பொட்டுக்குள்ளால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மச்சாளில் ஒரு பிழையும் சொல்ல ஏலாது. அந்தப் பெண்ணைத் தன் வயிற்றில் பிறந்தவள் போல்தான் வைத்திருந்தார். அதுதான் அக்காவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஆறாததாகவும் இருந்தது.

அந்த மாதம் முடிய டொக்டர் கூப்பிட்டனுப்பினார். அக்கா வர மறுத்தார். நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். ஏன் வற்புறுத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அவர் தனியாகத்தான் வந்தார். கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். டொக்டர் குழாயை வைத்துக் கேட்டார், முன்னுக்கும் பின்னுக்கும். காலை அமுக்கிப் பார்த்தார். எழும்பி நடக்கச் சொன்னார், படியில் ஏறி இறங்கச் சொன்னார், மறுபடியும் குழாயை வைத்தார். அந்த மனிதரின் முகம் மலர்ந்துபோயிற்று. இந்த ஊரில் தன் சொல்லைக் கேட்டு நடந்த ஒரே நோயாளி இந்த மனுசிதான் என்றார். இருதயம் சின்னப் பெண்ணின் இருதயம்போல் அடிக்கிறது, இனிப் பயமில்லை, இன்னும் இருபது வருடம் இருப்பா, அதற்கு மேலும் இருப்பா, இதை ஒரு சொல்லும் விடாமல் அவவுக்குச் சொல்லு என்றார்.

நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

"இருபது வருசமோ," என்றார் அக்கா. என்னைப் பார்த்தார். "அவ்வளவு காலமும் நான் என்ன செய்யிறது, தம்பி?"

டொக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறா என்று கேட்டார்.

உங்களுக்கு நன்றி சொல்கிறா என்றேன்.